பார்த்ததை மட்டும் சொன்னவள்

அவளிடம் எதையாவது கேட்டால் பதில் வரும். அவளோடு வேலை செய்வதில் இருந்த கஷ்டமே அதுதான். நாங்கள் எல்லோரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுத் தப்பிக்கிற இடத்தில் அவள் நின்று யோசிப்பாள். தரை துடைக்கிற மொப்பைச் சுவரில் சாய்த்து வைப்பாள். கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு, நடந்ததை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். பிறகுதான் வாயைத் திறப்பாள்.

கெல்சென்கிர்ச்சனில் ஒரு விளையாட்டு மண்டபத்தைக் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை நாங்கள் இருவரும் துப்புரவு செய்தோம். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மாலையில் விளையாட்டுக் கழகமும் பாவிக்கிற மண்டபம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கள் மேற்பார்வையாளரான போலந்துக்காரி வந்து, "ஆறு அறையும் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன். அது இரண்டு வருடமாக நான் சொல்லிவந்த ஓம். இவள் யோசித்துவிட்டு, "நாலரை" என்றாள்.

போலந்துக்காரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் ஈரான்காரி. தெஹ்ரானில் பிறந்தவள். என்னைவிட ஒன்றரைச் சாண் உயரம். சாமான் அறைக்குள் போகும்போது தலையைக் குனிந்துதான் போவாள். கீரைக்கட்டில் இருந்து கழற்றிய ரப்பர் பட்டியால் தலைமயிரைக் கட்டியிருப்பாள். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். தேநீர் குடிக்கும்போது சீனிக்கட்டியைப் பற்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு அதன் வழியாகத் தேநீரை உறிஞ்சுவாள். எனக்கும் ஒரு கட்டி தருவாள். எனக்கு அது ஒருநாளும் சரிவரவில்லை. இரண்டாவது மிடறிலேயே கரைந்துவிடும்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜேர்மன். என்னுடையதில் வேகம் இருந்தது, இலக்கணம் இல்லை. அவளுடையதில் இலக்கணம் இருந்தது, வேகம் இல்லை. அந்தப் பேச்சை இங்கே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். அவள் அப்படித்தான் என் காதில் விழுந்தாள்.

சேர்ந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு அவள் வாங்கித் தந்தது ஒரு அப்மானுங். அது வேலையிடத்தில் கொடுக்கிற எச்சரிக்கைக் கடிதம். மூன்று வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்று பனி கொட்டியது. எனக்கு ட்ராம் தவறிவிட்டது. ஆறு இருபதுக்குத்தான் வந்தேன். வந்த கையோடு அவளிடம் சொன்னேன்: "மேற்பார்வை வந்து கேட்டா, நான் ஆறு மணிக்கே வந்திட்டன் எண்டு சொல்லு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

போலந்துக்காரி வந்தாள். கேட்டாள். இவள் மொப்பைச் சாய்த்து வைத்தாள். "நான் இவவை ஆறு இருபதுக்குப் பாத்தனான்" என்றாள்.

இரண்டு கிழமை நான் அவளோடு கதைக்கவில்லை. அவள் தன்பாட்டில் தினமும் எனக்குத் தன் தெர்மோஸ் மூடியில் தேநீர் ஊற்றிப் பக்கத்தில் சீனிக்கட்டி வைத்துவிட்டுப் போனாள். நானும் குடித்தேன். குளிரில் ரோஷம் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. கடைசியில் அவளே சொன்னாள்: "அவ என்னட்டக் கேட்டவ. கேக்காட்டி நான் சொல்லியிருக்க மாட்டன்."

அதை அவள் மன்னிப்பாகச் சொல்லவில்லை. விளக்கமாகச் சொன்னாள். எனக்கு அப்போது அந்த வித்தியாசம் புரியவில்லை.

என் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அவ ஒரு விசர். கவனமா இரும்" என்றார்.

கூடைப்பந்து அவளுடைய வாழ்க்கை என்பது எனக்குத் தரை துடைக்கும்போதுதான் தெரிந்தது. நான் மண்டபத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே மாதிரி இழுத்துக்கொண்டு போவேன். அவள் கூடைக்குக் கீழே வந்ததும் நிற்பாள். அந்த இடத்தை முதலில் ஈர மொப்பாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடைப்பாள். முழங்காலில் இருந்து கையால் தடவிப் பார்ப்பாள்.

"ஏன் இதை மட்டும் இரண்டு தரம் துடைக்கிறாய்?"

"இஞ்சதான் எல்லாரும் குதிச்சு இறங்குவினம். வேர்வையும் இஞ்சதான் விழும். ஈரமா இருந்தா ஒரு முழங்கால் போகும்."

"உன்ர முழங்கால் அப்பிடியோ போனது?"

யோசித்தாள். "இல்லை. என்ர முழங்கால் நான் பிழையா இறங்கினதால போனது. தரை நல்லாத்தான் இருந்தது."

அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. ஈரானில் கூடைப்பந்துக் கழகங்களைப் பெரும்பாலும் கம்பெனிகள்தான் வைத்திருந்தனவாம். அவளுடைய கழகம் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தமானது. ஆண்கள் அணிக்கு நல்ல சம்பளம். வெளிநாட்டில் இருந்துகூட ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவார்கள். அவர்களின் ஆட்டம் தொலைக்காட்சியில் போகும். பெண்கள் அணியும் அதே மண்டபத்தில்தான் ஆடியது, ஆனால் காலையில், கதவைப் பூட்டிக்கொண்டு. ஆண்கள் யாரும் உள்ளே வர முடியாது. கமரா கொண்டுவர முடியாது. வாசலில் ஒரு பெண் பைகளைச் சோதித்து அனுப்புவாள். பார்க்க வருகிறவர்கள் தாய்மாரும் தங்கைமாரும்தான்.

"அப்ப நீ பெரிய ஆட்டக்காரியோ?" என்று கேட்டேன்.

"இல்லை. பன்னிரண்டு பேர். நான் பதினோராவது. கனக்க நேரம் ஆடாம வாங்கிலதான் இருந்தனான்."

எங்கள் ஊர்ப் பெண்கள் யாராவது கதையை இப்படிச் சொல்வார்களா? நான் மன்னாரில் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினேன். இல்லப் போட்டியில் ஒருமுறை இரண்டாம் இடம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மாவட்டத்தில் முதலாம் இடம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

அவளுடைய தகப்பனும் மகள் ஆடியதைப் பார்த்தது கிடையாது. ஆட்டத்துக்கு அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியிலேயே இருப்பாராம். உள்ளே எழும் சத்தத்தை வைத்து, யார் வெல்கிறார்கள் என்று ஊகிப்பாராம். பெரும்பாலும் பிழையாகத்தான் ஊகிப்பாராம். பிறகு அவருக்கு வருத்தம் முற்றியது. வைத்தியர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அந்த வருடத்துக் கடைசி ஆட்டத்தில் இவள் ஒரு வேலை செய்தாள். மண்டபத்தின் பின்பக்கத்தில் பந்துகளைக் கொண்டுவரும் கதவு ஒன்று இருந்தது. அதைத் திறந்து, தகப்பனைத் திரைச்சீலைக்குப் பின்னால் கதிரை போட்டு இருத்தினாள்.

"பாத்தவரோ?" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓம். கடைசிக் கால்பகுதி பாத்தவர்."

"நீ எத்தனை கூடை போட்டனீ?"

"பயிற்சியாளர் என்னை இறக்கேல்லை. நான் வாங்கில இருந்ததைத்தான் அப்பா பாத்தவர்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "ஆனா அவருக்குச் சந்தோஷம்" என்றாள். "உடுப்போட இருந்தனான்தானே. நம்பர் போட்ட உடுப்பு."

யாரோ கண்டு முறைப்பாடு செய்துவிட்டார்கள். விசாரணை வைத்தார்கள். கதவு தற்செயலாகத் திறந்து கிடந்தது என்று சொல், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அணியே அவளிடம் கெஞ்சியது. "கதவை ஆர் திறந்தது?" என்று கேட்டார்கள். "நான்" என்றாள். கழகத்திலிருந்து நீக்கினார்கள். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த வேலையும் போனது. அதிகாரிகள் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். தகப்பன் செத்த பிறகு அவள் நாட்டை விட்டு வந்தாள்.

ஜேர்மனியில் அகதி விசாரணையிலும் அதே கதைதான். அடித்தார்களா? இல்லை. சிறையில் வைத்தார்களா? இல்லை. திரும்பிப் போனால் என்ன செய்வார்கள்? தெரியாது. மொழிபெயர்க்க வந்த அவளுடைய நாட்டுக்காரரே மேசைக்குக் கீழே காலால் தட்டினாராம். அவளுக்கு விளங்கியது. ஆனாலும் கேட்டதற்கு அதுதானே பதில் என்றாள். மனு நிராகரிக்கப்பட்டது. அதன் பிறகு எட்டு வருடமாக டுல்டுங் என்ற தாளோடு இருந்தாள். உன்னை இன்னும் அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று சொல்கிற தாள் அது. சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் புதுப்பிக்க வேண்டும்.

அப்பாவின் கதையையும் இந்த விசாரணைக் கதையையும் அவள் சொன்னது சாமான் அறையில், ஒரு பெப்ரவரிக் காலையில். வெந்நீர்க் குழாய் வெடித்து வேலை நின்றிருந்தது. இருவரும் வாளிகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் இருந்தோம். அவளுடைய கதை என்னை என்னவோ செய்துவிட்டது. நானும் என்னுடையதைச் சொல்லிவிட்டேன்.

எனக்கு அகதி உரிமை கிடைத்தது ஒரு பொய்யால். ராணுவ முகாமில் மூன்று நாள் தடுத்து வைக்கப்பட்டது நான் அல்ல, என் சித்தியின் மகள். அந்த நேரத்தில் நான் கொழும்பில் மாமா வீட்டில் இருந்தேன். இரண்டு வருடம் இருந்தேன். கொழும்பில் இருந்தேன் என்று சொன்னால், அங்கேயே இருந்திருக்கலாமே என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்தான். அதனால் கொழும்பை மறைத்து, சித்தி மகளின் மூன்று நாளை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன். விசாரணை அதிகாரி ஒரு பெண். நான் சொல்லி முடித்ததும் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அதையும் சொன்னேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். மூடியில் தேநீர் ஊற்றித் தந்தாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன வேலை செய்து வச்சிருக்கிறீர்? வேற ஆளே கிடைக்கேல்லையோ? உண்மை மட்டும் கதைக்கிற மனுசியிட்டயே போய் இதைச் சொன்னனீர்?"

"அவ ஆருக்கும் சொல்ல மாட்டா."

"ஆறு இருபது எண்டு சொன்னவதானே?"

அந்த வசந்தத்தில்தான் நாங்கள் ஜேர்மன் பிரஜாவுரிமைக்கு அன்ட்ராக் போட்டிருந்தோம். மனு உள்ளே இருந்தது. பழைய அகதிக் கோப்பைத் தூசி தட்டிப் பார்ப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றிலிருந்து வாசலில் யார் காலடிச் சத்தம் கேட்டாலும் எனக்கு அவள் முகம்தான் வந்தது. நல்ல முகம். கண்ணைச் சுருக்கி யோசிக்கிற முகம்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு காலை. அது ஜூன் மாதமாக இருக்க வேண்டும், மண்டபத்தின் உயரமான ஜன்னல்களால் வெயில் விழுந்திருந்தது. வாங்குகளுக்குக் கீழே ஒரு பந்து கிடந்தது. எடுத்துத் துடைத்தாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எறியன்" என்றேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "எங்களுக்குப் பத்து நிமிஷம் இடைவேளை இருக்கு" என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். கூடைக்கு நேரே உள்ள கோட்டில் போய் நின்றாள்.

அந்த இழுக்கிற கால் எங்கே போனது என்று தெரியவில்லை. முழங்கால்கள் மெல்ல மடிந்து நிமிர்ந்தன. பந்து விரல் நுனியிலிருந்து போன விதத்தைப் பார்த்தால், உயரமான தட்டில் ஒரு பாத்திரத்தை எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிற மாதிரி இருந்தது. பத்து எறிந்தாள். ஆறு விழுந்தது. நான் கைதட்டினேன்.

"ஏன் தட்டுறாய்? ஆறு."

"ஆறு நல்லதுதானே!"

"முந்தி எட்டு."

பிறகு பந்தை எனக்குத் தந்தாள். என்னுடையது கூடையில் மட்டுமல்ல, பலகையில்கூடப் படவில்லை. "உன்ர முழங்கை வெளியில போகுது" என்று என் கையைப் பிடித்துத் திருத்தினாள். மூன்றாவது எறியில் பந்து வளையத்தைத் தொட்டது. அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மன்னாரைவிட்டு வந்த பிறகு அப்படிச் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணினால் ஒரு கை போதும்.

அந்தக் கோடையில் ஈரான் ஆண்கள் அணி ஆசியாவில் முதலாவதாக வந்து ஒலிம்பிக் போட்டிக்குத் தெரிவானது. அவள் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து போலந்துக்காரிக்கும் எனக்கும் தந்தாள்.

"உன்ர அணி வெண்டிட்டுதோ!"

"என்ர அணி இல்லை. ஆம்பிளையளின்ர அணி."

"நல்லா ஆடினவையோ?"

"ஒரு ஆட்டம்தான் பாத்தன். அதிலயும் பாதி. பாத்த பாதியில தடுப்பு நல்லம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று வாளியில் தண்ணீர் பிடித்தாள். குழாயை மூட மறந்து, தண்ணீர் நிறைந்து வழிந்தது. அவள் எதையாவது மறந்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதே வருடம் புதிய சட்டம் ஒன்று வந்தது. நெடுங்காலம் டுல்டுங்கில் இருந்தவர்கள், தங்கள் உழைப்பில்தான் வாழ்கிறோம் என்று காட்டினால் வதிவிட உரிமை கொடுப்பார்களாம். அவளுக்கு எங்கள் மண்டப வேலை மட்டும் அதற்குக் காணாது. வேறு ஒரு வேலையும் வேண்டும். அந்த நேரம் பார்த்து, மாலையில் அங்கே விளையாடுகிற கழகத்தின் சிறுமிகள் அணிக்குப் பயிற்சியாளர் ஒருவர் தேவைப்பட்டார். இருந்தவருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. இவள் தானாகவே போய்க் கேட்டாள்.

கழகத்தின் செயலாளர் ஐம்பது வயது ஜேர்மன் பெண்மணி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். நல்ல மனுசி. இவளுடைய அனுபவத்துக்குச் சான்று கேட்டார். சான்றிதழ் இல்லை, நீக்கப்பட்டவளுக்கு எந்தக் கழகம் எழுதிக் கொடுக்கும்? படம் இருக்கிறதா? கமரா போகாத மண்டபத்தில் ஏது படம்? ஒரு பத்திரிகைத் துண்டு? இல்லை. எட்டு வருடம் ஒரு கழகத்தில் இருந்தவளிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அவள் சொல் மட்டும்தான் இருந்தது.

நிர்வாகக் குழு கூடுகிற நாள் காலையில் செயலாளர் மண்டபத்துக்கு வந்தார். முழங்கால் வீங்கியிருந்ததால் அவள் அந்தக் கிழமை விடுப்பில் இருந்தாள். நான் தனியாக நடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் அவரோடு மூன்று வருடமாக வேலை செய்கிறீர்கள், இல்லையா? இன்றைக்குக் குழுவில் கேட்பார்கள். அதனால்தான் உங்களிடம் வந்தேன். அவர் சொல்வதை நம்பலாமா?"

நான் மொப்பைப் பிழிந்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"பந்தோடு ஒருமுறையாவது அவரைப் பார்த்திருக்கிறீர்களா?"

இன்னொருமுறை பிழிந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

"இல்லை. பார்த்ததில்லை."

செயலாளர் தலையாட்டினார். போகத் திரும்பினார். நான் அதோடு விட்டிருக்கலாம். கேட்காமலே இன்னொன்றையும் சொன்னேன்.

"அவ நிறையக் கதை சொல்லுவா."

அது ஒரு கணத்தில் வாய்தவறி நடந்தது என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தேன். அவள் இந்தக் கழகத்தில் சேர்ந்தால் செயலாளரோடு கோப்பி குடிப்பாள், நகரசபை ஆட்களோடு பழகுவாள், யாராவது ஒருநாள் என்னைப் பற்றிக் கேட்பார்கள், அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பதில் சொல்வாள். சேராவிட்டால் அவளுக்குத் தாள் கிடைக்காது. கிடைக்காவிட்டால் எங்காவது போய்விடுவாள். இவ்வளவும் என் மனதில் ஓடி முடிந்த பிறகுதான் நான் இல்லை என்றேன்.

அடுத்த கிழமை அவள் வேலைக்கு வந்தாள். முழங்காலில் பட்டி கட்டியிருந்தாள். தேநீர் நேரம்வரை நடையைத் துடைத்தாள். பிறகு வாளியைக் கவிழ்த்து என் முன்னால் இருந்தாள்.

"எனக்குப் பயிற்சியாளர் வேலை தரேல்லை. நீ என்னைப் பந்தோட பாக்கேல்லை எண்டு செயலாளர் சொன்னா. நீ பாத்தனீ. ஆறு."

நான் சீனிக்கட்டியைத் தேநீரில் போட்டேன்.

"நான் நிறையக் கதை சொல்லுறனான் எண்டும் சொன்னனியாம்?"

"ஓம்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன், அப்மானுங்கை இழுத்திருப்பேன். அவள் கண்ணைச் சுருக்கினாள். உண்மையாகவே யோசித்தாள்.

"எந்தக் கதை?" என்று கேட்டாள். "அப்பாவின்ர கதையோ? கடைசிக் கால்பகுதி பாத்தவர் எண்டு சொன்னனான். அது பிழை. முழுக்கப் பாக்கேல்லை. நான் கதவைத் திறக்கப் போகேக்க அந்தக் கால்பகுதி துவங்கிட்டுது. பத்து நிமிஷத்தில ஏழெட்டு நிமிஷம்தான் பாத்திருப்பார்." விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "நான் அதைக் கூட்டித்தான் சொல்லிப்போட்டன்."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் தன்னிடம் பிழை தேடிக்கொண்டிருந்தாள்.

"உன்ர கதை எல்லாம் உண்மை" என்றேன். "நான்தான் பொய் சொன்னனான். எனக்குப் பயம். கொழும்பை நீ ஆருக்கும் சொல்லிப்போடுவாய் எண்டு பயம்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"கொழும்பை நான் பாக்கேல்லை" என்றாள். "நீ அங்க இருந்ததையும் நான் பாக்கேல்லை. பாக்காததை நான் எப்பிடிச் சொல்லுறது? ஆரும் கேட்டா, அவவைக் கேளுங்கோ எண்டுதான் சொல்லுவன்."

எழுந்து வாளியை எடுத்தாள். வாசலில் தலையைக் குனிந்தவள் அப்படியே நின்று சொன்னாள்: "ஆனா நீ என்னைப் பாத்தனீ."

"நான் போய்ச் செயலாளரிட்டச் சொல்லட்டோ?"

"அது உன்ர வேலை" என்றாள்.

நான் அன்று போகவில்லை. அந்தக் கிழமையும் போகவில்லை. வீட்டில் சொன்னபோது கணவர், "இப்ப போய்ச் சொன்னா முதல் ஏன் பொய் சொன்னனீர் எண்டு கேப்பினம். எங்கட பேப்பர் வரட்டும். பிறகு பாப்பம்" என்றார். அவர்மேல் பழியைப் போட முடியாது. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் அவரிடம் கேட்டேன்.

அவள் இன்னும் இரண்டு மாதம் என்னோடு வேலை செய்தாள். கதைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தேநீர் தந்தாள். எதையும் குறைக்கவில்லை. என்னைத் தண்டிக்கிற எண்ணம் அவளிடம் இருந்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் எனக்கு ஏலாமல் இருந்தது. காலையில் ட்ராமில் இருந்து இறங்கி மண்டபத்துக்குச் சுற்றுவழியால் நடந்தேன். அவள் லீவு போடுகிற நாட்களில் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பிறகு வேறு ஒரு நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக் கூடத்தில் அவளுக்கு முழுநேர வேலை கிடைத்தது. நாள் முழுவதும் நின்றுகொண்டு, ஈரத் துணிகளைத் தூக்கிப் போடுகிற வேலை. அந்த முழங்காலோடு. அந்த வேலையைக் காட்டித்தான் வதிவிட உரிமையைப் பெற்றாள் என்று பின்னால் போலந்துக்காரி சொன்னாள். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பாதி, என் பாவம் குறைந்துவிட்டதே என்பதற்காக. இல்லை, பாதிக்கு மேல்.

போன நாளில் எனக்குக் கை தந்தாள். "போயிட்டு வாறன்" என்கிற வழக்கம் அவர்கள் மொழியில் உண்டோ தெரியாது. அவள் "போறன்" என்றாள். வரமாட்டாள், ஆகவே வாறன் என்று சொல்லவில்லை.

எங்களுக்குப் பிரஜாவுரிமை அடுத்த பெப்ரவரியில் வந்தது. கொழும்பைப் பற்றி யாரும், எந்த இடத்திலும், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து கழக அலுவலகத்தின் கதவைத் தட்டினேன். சிறுமிகள் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. செயலாளர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். தலையில் இருக்கிறது என்றேன்.

"அந்த ஈரான் பெண்ணைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னது பொய்" என்றேன். "அவ எறிஞ்சதை நான் பாத்தனான். பத்தில ஆறு. அவ ஒருநாளும் கதை சொன்னதில்லை. நான் கண்ட ஆக்களில பொய்யே சொல்லாதவ அவ ஒருத்திதான்."

செயலாளர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அவளுக்கு அந்த வேலை போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். அதற்காக இரண்டு கிழமை ஜேர்மன் வசனங்களைப் பாடமாக்கியிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"பொறாமை" என்றேன்.

யாருக்கும் விளங்கக்கூடிய காரணம். யாரும் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிராத காரணம்.

"மனுசர்தானே" என்றார் செயலாளர். என் தோளில் கை வைத்தார். "வந்து சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும்" என்றார். கதிரையை இழுத்துப் போட்டு, கோப்பி ஊற்றி, பால் வேண்டுமா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் என்னைத் தேற்றிக்கொண்டே இருந்தார். நான் அதைக் குடித்து முடித்தேன்.